ஜிங்க்குக்கு ப்ளஸ் போட்ட நாள்

லப்பைக்குடிகாட்டில் ஆண் பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடி காய்ந்து விழுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிடுவார்கள் என்று பெரம்பலூர்க்காரர்கள் கேலி பேசுவதுண்டு. கேலியில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியும் நாளடைவில் விசா வாங்கிக்கொண்டு உண்மையாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்து, சவூதிக்குப் போய், அங்கே ஒரு பெருநாள்கூடக் கொண்டாடாமல் பெட்டியோடு திரும்பி வந்த ஒரே ஆம்பிளை ஷேக் தாவூதுதான்.

ஏன் திரும்பினார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை இருந்தது. வெயில் தாங்கவில்லை என்றார்கள். ஒட்டகக் கறி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கம்பெனி முதலாளியான அரபியின் கணக்கில் தப்பு கண்டுபிடித்து, முகத்துக்கு நேராகவே சிவப்பு மையால் சுழித்துவிட்டார் என்றும், அந்த அரபி அழுதுகொண்டே பாலைவனத்துக்குள் நடந்து போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை என்றும் டீக்கடையில் ஒருவர் சத்தியம் செய்தார். உண்மையான காரணம் ஷேக் தாவூதின் மனைவி நஜீமாவுக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் அவரே சொல்லியிருந்தார்.

"தண்ணி சுத்தம் பண்ற கம்பெனி நஜீமா. லேப்ல உக்காந்து நாள் முழுக்க கணக்கு போட்டேன். சரியாவும் வந்துச்சு. ஆனா எப்புடி வந்துச்சுன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. யாருகிட்டயும் சொல்லாம வச்சுக்குறதுக்கு எதுக்கு ஒரு கணக்கு?"

இதைக் கேட்டு நஜீமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த தெருவில் எல்லாப் பெண்களும் புருஷன் அனுப்பிய வாசனைத் திரவியத்தைப் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார்கள். தனக்கு வாய்த்தவர் சொல்வதற்கு ஆள் தேடித் திரும்பி வந்திருக்கிறார். போகட்டும், பேசாத புருஷனைவிட இது மேல் என்று நினைத்துக்கொண்டாள்.

பேசினார். அப்படி இப்படிப் பேச்சா? பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்து, துறைமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்குக் குடிவந்து, முன்கூடத்துச் சுவர் முழுக்கக் கரும்பலகை அடித்து, காலையும் மாலையும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் என்று ஆரம்பித்தவர், தலை நரைத்துப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தவில்லை. முன்கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். நஜீமா அரைத்த மாவிலெல்லாம் கெமிஸ்ட்ரி கலந்திருந்தது. அவள் வீட்டு இட்லியைத் தின்ற பூனைகூடத் தெருவில் எலியைப் பார்த்தால் வாய்பாடு கேட்டுத்தான் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டு ஜெயசித்ரா சொல்வாள்.

ஒருமுறை உப்புப் பாலம் செய்ய வேண்டும் என்றார். இரண்டு கிண்ணங்களில் இரண்டு உலோகங்களை நிற்க வைத்து மின்சாரம் எடுக்கும்போது, இரண்டு கிண்ணத்துக் கரைசலையும் இணைக்க வளைந்த குழாய் ஒன்று வேண்டும். அதற்குள் உப்பு கலந்து உறையவைத்த கடல்பாசியை நிரப்ப வேண்டும். நோன்புக் காலத்தில் பாலும் சீனியும் போட்டு வில்லை வில்லையாக வெட்டுகிறோமே, அதே கடல்பாசிதான். நஜீமா காய்ச்சிக் கொடுத்தாள். குழாய்க்குப் போக மிச்சத்தைத் தட்டில் ஊற்றி வைத்திருந்தாள். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் அதை நோன்பு திறக்கச் செய்தது என்று எண்ணி ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் நின்ற கோலத்தைப் பார்த்து ஷேக் தாவூது, "உம்மா, அசையாதீங்க, ரெண்டு கையிலயும் வயரைக் குடுத்தா பல்பு எரியும்" என்றார். அதற்குப் பிறகு அந்த மாமியார் மருமகள் கையால் கடல்பாசி சாப்பிட்டதே இல்லை.

நஜீமா பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் காது நிறுத்தவில்லை. எந்தப் பாடத்தைவிடவும் அவளுக்குப் பழகிப்போனது மின்கலக் கணக்கு. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஓர் எண் உண்டு. காப்பருக்கு ப்ளஸ் பாயிண்ட் த்ரீ ஃபோர். ஜிங்க்குக்கு மைனஸ் பாயிண்ட் செவன் சிக்ஸ். சில்வருக்கு ப்ளஸ் பாயிண்ட் எய்ட். காப்பரின் எண்ணிலிருந்து ஜிங்க்கின் எண்ணைக் கழிக்க வேண்டும். ஜிங்க்கே மைனஸ் என்பதால், மைனஸைக் கழித்தால் கூட்டலாகிவிடும். மொத்தம் ஒன் பாயிண்ட் ஒன் வோல்ட். பிள்ளைகள் அந்த இரண்டாவது மைனஸைத்தான் விட்டுவிடுவார்கள். விட்டால் விடை மைனஸ் பாயிண்ட் ஃபோர் டூ என்று வரும். அப்போது ஷேக் தாவூது பலகையைத் தட்டுவார். "ஓடுற செல்லுக்கு மைனஸ் வராதுடா. வந்துச்சுன்னா செல்லுல கோளாறு இல்ல, உன் மண்டையில கோளாறு."

இந்த வசனத்தை நஜீமா எத்தனை ஆண்டுகளாகக் கேட்டிருப்பாள்! ஜிங்க்கின் மைனஸ் அவளுக்குப் பள்ளிவாசல் பாங்கு சத்தம் மாதிரி; வந்தால் கவனிக்க மாட்டாள், வராவிட்டால் தூக்கிப்போடும்.

ஒரு நாள் சாயங்காலம் அது வரவில்லை.

அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முன்கூடத்தில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "பாயிண்ட் த்ரீ ஃபோர் மைனஸ் பாயிண்ட் செவன் சிக்ஸ். எவ்ளோ? மைனஸ் பாயிண்ட் ஃபோர் டூ. எழுதிக்குங்க." நஜீமாவின் கை நின்றது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பிள்ளைகளைச் சோதிக்கிறார் என்று காத்திருந்தாள். பலகையைத் தட்டும் சத்தம் வரவில்லை. அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள், சார் சொன்னால் சூரியனுக்கும் மைனஸ் போடும் பிள்ளைகள்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "என்னங்க, இன்னைக்கு ஜிங்க்கோட மைனஸை விட்டுட்டீங்களே, வேணும்னேவா?"

"நானா? போடி. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் விட மாட்டேன்."

"ஃபோர் டூன்னு சொன்னீங்க. என் காதால கேட்டேன்."

சிரித்துக்கொண்டே தட்டில் ரசத்துக்குள் விரலை விட்டுக் கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் சிரிப்பு நின்றது. எழுந்து போய், கை கழுவாமலே, பலகை முன்னால் நின்றார். அழிக்காமல் கிடந்தது கணக்கு. அதை அவர் பார்த்த பார்வையை நஜீமா அதற்குமுன் பார்த்ததில்லை. தன் வீட்டுச் சுவரில் அந்நியன் யாரோ எழுதிவிட்டுப் போனதைப் பார்க்கிற பார்வை.

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வரிசைக்கு வந்தது. ஜும்ஆவுக்குப் போய் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்தது. காலையில் வாங்கிய கீரையையே மதியமும் வாங்கி வந்தது. ஷார்ஜாவில் இருக்கும் மகன் அத்னானிடம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "அத்னான் எப்ப வர்றான்?" என்று கேட்டது. திருச்சியில் பெரிய டாக்டர் ஒருவர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோயின் பெயரை இங்கிலீஷில் சொன்னார். மறதி நோயின் ஆரம்பம். மாத்திரை தள்ளிப்போடும், நிறுத்தாது.

அத்னான் வீடியோ காலில் அழாத குறை. "அத்தா, டியூஷனை நிறுத்திடுங்க. நாளைக்குப் புள்ளைங்க முன்னாடி ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்குத் தாங்காது. எல்லாரும் சிரிப்பாங்க அத்தா."

"இந்த வருஷப் புள்ளைங்க பரீட்சை எழுதுற வரைக்கும் விடுப்பா. பாதியில விட்டா அதுங்க எங்க போகும்? அதுக்கப்புறம் நீ சொல்ற இடத்துல உக்காந்துக்குறேன்."

"தப்பு தப்பா நடத்திட்டீங்கன்னா?"

நஜீமா போனை வாங்கினாள். "நான் பாத்துக்குறேன் தங்கம். நீ வையி."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது அவளுக்கே தெரியாது. மறுநாள் காலை இட்லிப் பானையின் மூடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. புருஷனைக் கூப்பிட்டாள். "நீங்க பாட்டுக்கு நடத்துங்க. நீங்க எங்கயாவது விட்டீங்கன்னா கரண்டியால இந்த மூடியில ஒண்ணு போடுவேன். சத்தம் கேட்டா நின்னு பாருங்க."

"புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிட்டா?"

"அடுப்படியில பாத்திரம் விழாத வூடு உண்டா? எல்லா வூட்டுலயும்தான் பொம்பளைங்க கோவத்தைப் பாத்திரத்துல காட்டுறோம்."

ஷேக் தாவூது மூடியை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு, "ஓங்கி அடிச்சுடாதே. இதயமும் வீக்குதான்" என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இருவருக்கும் தெரியும்.

அப்படித்தான் தொடங்கியது. சில்வரின் வினையை இரண்டால் பெருக்கிச் சமன் செய்யும்போது அதன் எண்ணையும் சேர்த்துப் பெருக்கி ஒன் பாயிண்ட் சிக்ஸ் என்பார். மூடியில் டங்கென்று ஒரு சத்தம் கேட்கும். ஷேக் தாவூது நிற்பார். சாக்பீஸை விரல்களில் உருட்டுவார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "வேணும்னேதான் விட்டேன். எங்க தப்பு? யாரு சொல்றா பாப்போம்" என்பார். முதலில் முழித்தார்கள். போகப் போகப் பழகிவிட்டது. சார் எங்கே குழி வெட்டி வைத்திருக்கிறாரோ என்று ஒவ்வொரு வரியையும் முறைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். முன்பு எந்த வருடத்துப் பிள்ளைகளும் இவ்வளவு விழிப்பாகக் கெமிஸ்ட்ரி படித்ததில்லை. ரஞ்சன்குடியிலிருந்து வரும் அறிவழகன் மட்டும் ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னான். "டேய், சார் வூட்டு இட்லிப் பானை எம்.எஸ்ஸி. முடிச்சிருக்கும்போல. அது கத்துனா அங்க ஒரு தப்பு இருக்குடா."

"லூசு மாதிரி பேசாத. பானைக்கு என்னடா தெரியும்?" என்றாள் தென்றல். பாடாலூரில் ஹைவே ஓரம் இளநீர்க் கடை வைத்திருப்பவரின் மகள். முதல் பஸ்ஸைப் பிடித்து வருபவள். சார் சொல்வதற்கு முன்பே விடையைப் போட்டுவிட்டு, போடாததுபோல முகத்தை வைத்துக்கொண்டிருப்பவள்.

திரைக்குப் பின்னால் இதைக் கேட்ட நஜீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு பெருமை இல்லாமலில்லை. அடுப்படியில் நின்ற இடத்திலேயே அவளும் ஒரு வாத்தியாராகிவிட்டாள். மூடியில் விழுந்த சிறு சிறு குழிகளைப் பார்த்துச் சில சமயம் சிரித்துக்கொள்வாள்.

மாலைத் தொழுகை முடிந்ததும் மறுநாள் பாடத்தை இருவரும் ஒத்திகை பார்ப்பார்கள். புளி கரைத்துக்கொண்டே அவள் கேட்பாள்.

"சில்வர்?"

"ப்ளஸ் பாயிண்ட் எய்ட்."

"மெக்னீஷியம்?"

"மைனஸ் டூ பாயிண்ட் த்ரீ செவன்."

"இரும்பு?"

ஷேக் தாவூது ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னல் கம்பியும் இரும்புதான். அதைப் பிடித்துக்கொண்டே, "நீயே சொல்லிடேன் நஜீமா" என்பார். அவள் சொல்வாள். அவர் சின்னப் பிள்ளைபோல ஒருமுறை திருப்பிச் சொல்வார். முன்னெல்லாம் அவர் சொன்னது அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அவள் காதிலிருந்து எடுத்து அவருக்கே ஊட்டிக்கொண்டிருந்தாள். இரவில் தொழுகைப் பாயில் உட்கார்ந்து அவள் கேட்டது பெரிய துவா எதுவும் இல்லை. 'யா அல்லா, பரீட்சை வரைக்கும். அவ்வளவுதான். அந்தப் புள்ளைங்க முன்னாடி அவர் தலை குனியாம அது வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துடு.'

பொங்கல் விடுமுறை கழிந்தது. திருப்புதல் தேர்வுகள் தொடங்கின. அந்த நாள் காலை எழும்போதே ஷேக் தாவூது தெளிவாக இருந்தார். அப்படிச் சில நாள்கள் வரும். மேகம் விலகி வெயில் அடிக்கிற மாதிரி பழைய மனிதர் வந்து நிற்பார். தானாகவே முகம் மழித்துக்கொண்டார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போடவில்லை. "இன்னைக்கு உன் மூடிக்கு லீவு" என்று அவளைச் சீண்டிவிட்டுத்தான் முன்கூடத்துக்குப் போனார்.

தென்றல் எழுந்து, "சார், இது வேற ஸ்கூல் மாடல் கொஸ்டின். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. பாருங்க சார்" என்று ஒரு தாளை நீட்டினாள்.

அதே ஜிங்க், அதே காப்பர். ஆனால் கேள்வி போட்டவர் கொஞ்சம் வில்லங்கமான ஆள். எல்லோரும் கொடுக்கும் எண்ணைக் கொடுக்காமல், அதைத் திருப்பிப் போட்டுக் கொடுத்திருந்தார். எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதற்கான எண்தான் வழக்கமாகப் புத்தகத்தில் இருக்கும். ஷேக் தாவூதும் என்றைக்கும் அதையே வைத்துத்தான் நடத்துவார். "ரெண்டையும் சொன்னா குழம்பிடுவானுங்க" என்பது அவர் கட்சி. இந்தத் தாளில் காப்பருக்கு அதையே வைத்து, ஜிங்க்குக்கு மட்டும் எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பதற்கான எண்ணைக் கொடுத்திருந்தார். திருப்பினால் குறியும் திரும்பும். அதன்படி ஜிங்க்குக்கு ப்ளஸ்.

ஷேக் தாவூது தாளை ஒருமுறைதான் படித்தார். கண்கள் மின்னின. "ஆஹா. ஏமாத்தப் பாக்குறான்! நல்லாப் பாருங்க, ஆக்ஸிடேஷன் பொட்டென்ஷியல்னு போட்டிருக்கான். நம்ம வழக்கமா போடுறது ரிடக்‌ஷன். அப்ப இங்க கழிக்கக் கூடாது, கூட்டணும். ஜிங்க் ப்ளஸ் பாயிண்ட் செவன் சிக்ஸ்..."

டங்.

நஜீமாவின் கைதான் அது. ஆக்ஸிடேஷன் என்ற சொல்லும் அவள் காதில் விழுந்தது; ஆனால் அதனால் ஜிங்க்கின் குறி மாறும் என்று இத்தனை காலத்தில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஜிங்க் என்றால் மைனஸ். அது ப்ளஸ் ஆவதாவது! கரண்டி தானாகப் போய் மூடியில் விழுந்தது.

ஷேக் தாவூது நின்றார். பலகையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். சரியாகத்தானே இருக்கிறது என்று ஒரு கணம் அவர் புருவம் சொன்னது. பிறகு அந்தப் புருவம் தளர்ந்தது. பெருவிரலால் ப்ளஸின் நெட்டுக்கோட்டை அழித்து மைனஸ் ஆக்கினார். "ம்... வேணும்னேதான்... ஜிங்க் மைனஸ் பாயிண்ட் செவன் சிக்ஸ். கூட காப்பர் பாயிண்ட் த்ரீ ஃபோர். கூட்டினா மைனஸ் பாயிண்ட் ஃபோர் டூ."

டங்.

ஃபோர் டூ வந்தால் தப்பு என்பதும் நஜீமாவுக்குப் பாடம்தானே.

ஷேக் தாவூதின் கை அந்தரத்தில் நின்றது. அழித்தார். மறுபடி ப்ளஸ் போட்டார். போட்டதை வாய்விட்டுச் சொன்னார். "ஜிங்க் ப்ளஸ்..."

டங்.

அழித்த இடத்தில் சாக்பீஸ் தூள் வெள்ளையாகப் படிந்து, எது ப்ளஸ் எது மைனஸ் என்று தெரியாமல் போயிருந்தது. ஷேக் தாவூது பலகைக்கும் அடுப்படித் திரைக்கும் நடுவே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் ஆத்தாளைத் தவறவிட்ட குழந்தை இப்படித்தான் பார்க்கும். பிள்ளைகளின் கண்களும் அவரோடு சேர்ந்து திரைக்குப் போயின, திரும்பி வந்தன, மறுபடி போயின. அறிவழகன் வாயைத் திறந்தான். தென்றல் அவன் கையை அழுத்திப் பிடித்தாள். ஆனால் அதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"சார்," என்றாள் தென்றல், "நீங்க மொதல்ல போட்டதுதான் சார் சரி."

"இல்லம்மா," என்றார் ஷேக் தாவூது. சிரிக்கப் பார்த்தார். "இல்ல. இன்னைக்குப் போதும். எல்லாரும் பாத்துப் போங்க."

சாக்பீஸைப் பெட்டியில் வைத்து, பெட்டியை மூடி, உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். தென்றலின் தாளும் அவர் கையோடு போய்விட்டது. அந்தப் பிள்ளைகள் செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியேறியது அன்றைக்குத்தான்.

தென்றல் மட்டும் திரையை விலக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். நஜீமா கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"சாருக்கு என்னம்மா?"

நஜீமா ஒளிக்கவில்லை. சொல்லி முடித்ததும் அந்தப் பெண் அழுகிற மாதிரி நின்றாள், ஆனால் அழவில்லை. "அம்மா, இன்னைக்கு சார் தப்பே பண்ணலம்மா. அந்தக் கேள்வியில நம்பரைத் திருப்பிக் குடுத்திருந்தான். அதுல ஜிங்க் ப்ளஸ்தான். யாருமே கண்டுபிடிக்க மாட்டோம். எனக்கே ராத்திரி பூரா புரியல. சார் ஒரு தடவ படிச்சதும் சொல்லிட்டாரும்மா."

நஜீமாவுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அவர் சரியாகச் சொன்னார்! அப்புறம்தான் மற்றது வந்தது. நோய் செய்யாததை அவள் கை செய்துவிட்டது.

தென்றலை அனுப்பிவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். "என்னங்க, நீங்கதான் சரி. நான்தான் புரியாம தட்டிட்டேன். எனக்கு அந்த ஆக்ஸிடேஷன் கணக்கு தெரியாதுங்க. நீங்க அதை நடத்துனதே இல்லையே. அந்தப் புள்ள சொல்லுச்சு, நீங்க போட்டதுதான் சரின்னு."

ஷேக் தாவூது அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. கோபமிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

"என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றியா?"

"அல்லா மேல ஆணையா..."

"ஆணையெல்லாம் எதுக்கு? இத்தனை மாசத்துல நீ ஒரு தடவயாவது தப்பா தட்டியிருக்கியா?"

"இன்னைக்குத் தட்டினேங்க."

"நீ தட்ட மாட்ட," என்றார். "எனக்குச் சரின்னு தோணுச்சு. அதான் பயமா இருக்கு நஜீமா. முன்னல்லாம் தப்பு பண்ணா உள்ள ஒரு உறுத்தல் இருக்கும். இன்னைக்கு நெஞ்சறிய சரின்னு தோணுச்சு. அதுவும் தப்புன்னா, இனிமே எதை நம்பி நான் பலகை முன்னாடி நிக்கிறது?"

அவள் தாளை எடுத்து அவர் மடியில் விரித்தாள். படிக்கச் சொன்னாள். படித்தார். ஆனால் காலையில் அடித்த வெயில் போய்விட்டிருந்தது. ஆக்ஸிடேஷன் என்ற சொல்லின் மேல் விரல் போய் நின்றது, நகர்ந்தது, மறுபடி வந்து நின்றது. அந்தச் சொல் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாள் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. நேற்று எதுவுமே நடக்காததுபோல நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஷேக் தாவூது வெளியே வரவில்லை. நஜீமா கெஞ்சினாள். தென்றல் கதவோரம் நின்று, "சார், அந்தக் கணக்கு நீங்க போட்டதுதான் சார் சரி. வேற சார்கிட்டயும் கேட்டுட்டேன்" என்றாள்.

"நஜீமா சொல்லிக் குடுத்து அனுப்பினாளாம்மா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நல்ல புள்ள. போய்ப் படி."

பிறகு அவர்களாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கொஞ்ச நாள் அந்த முன்கூடத்திலேயே படித்தார்கள். பெற்றவர்களுக்கு விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவராக டவுனில் வேறு டியூஷனுக்கு மாறினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அத்னான் பயந்தது நடக்கவில்லை. அவனிடம் போனில், "அத்தா நிறுத்திட்டாங்க" என்று நஜீமா சொன்னபோது, "நல்லதும்மா, இப்பவாவது கேட்டாங்களே" என்றான். அவள் அவனுக்கு ஒன்றும் விளக்கவில்லை.

ஆனால் புருஷனுக்குச் சொல்வதை நிறுத்தவில்லை. சோறு போடும்போது சொன்னாள். மாத்திரை கொடுக்கும்போது சொன்னாள். "நீங்கதான் சரி. நான்தான் தப்பு." சில நாள் அவர் தலையை ஆட்டினார். சில நாள், "எது?" என்று கேட்டார். அவள் முதலிலிருந்து சொல்வாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி விடு, யாரோ பாவம்" என்பார். நஜீமாவுக்கு அவர் ஒவ்வொன்றாக மறப்பதில்கூட அவ்வளவு துக்கமில்லை. இரும்பின் எண் போயிற்று, கடைத்தெருவுக்குப் போகும் வழி போயிற்று, சில நாள் மகன் பெயரும் போய்த் திரும்பியது. அன்று நடந்ததும் முழுசாகப் போய்விட்டது. ஆனால் அன்று விழுந்த சந்தேகம் மட்டும் போகவில்லை. எதையும் செய்வதற்குமுன் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கலாமா என்பதற்கும் பார்த்தார்.

கெமிஸ்ட்ரிப் பரீட்சை முடிந்த மதியம் பிள்ளைகள் யூனிபார்மோடு நேராக அங்கே வந்துவிட்டார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன. நஜீமா எல்லோருக்கும் சர்பத் கலக்கினாள். ஷேக் தாவூது நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "நல்லா எழுதுனியா?" என்று மரியாதையாகக் கேட்டார். அறிவழகன், "நீங்க சொன்னதெல்லாம் வந்துச்சு சார்" என்று வாய்கூசாமல் புளுகினான். அவருக்கு அவன் யாரென்று தெரியவில்லை, இருந்தும் சந்தோஷப்பட்டார்.

தென்றல் கேள்வித்தாளோடு அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஒரு கேள்வியை விரலால் காட்டினாள். ஜிங்க்கும் காப்பரும். எந்த வில்லங்கமும் இல்லாத பழைய கணக்கு.

"சார், இதுக்கு எவ்ளோ சார் வரும்?"

ஷேக் தாவூது தாளை வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். உதடுகள் லேசாக அசைந்தன. விடை நாக்கு நுனி வரை வந்துவிட்டதுபோல முகம் ஒரு கணம் மலர்ந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் நிமிர்ந்து, சர்பத் தட்டோடு நின்ற நஜீமாவின் முகத்தைத் தேடினார். அவள், சொல்லுங்க, சொல்லுங்க என்று தலையை ஆட்டினாள்.

அவர் தாளை மடித்துத் தென்றலின் கையில் வைத்தார்.

"நான் சொன்னா தப்பா வரும் பாப்பா," என்றார். "நீயே போட்டுக்க."